பதிமூன்றாவது கப்கேக்

போடி மேலக்கிணற்றுத் தெருவில், பன்னிரண்டு குழித் தட்டில் வசந்தமணி ஊற்றி வைத்த மாவு ஓவனிலிருந்து பதிமூன்று கப்கேக்காக வெளியே வந்த நாளில் தெருவுக்குத் தண்ணீர் லாரியும் வந்திருந்ததால், அந்த அதிசயத்தை நின்று பார்க்க அவளுக்கு நேரமில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியவள் ஆறு குடம் பிடித்து, பக்கத்து வீட்டுக்காரியோடு அரைக் குடத்துக்கு ஒரு சண்டையும் போட்டு முடித்து, இடுப்பைப் பிடித்தபடி திரும்பி வந்தபோது, சாப்பாட்டு மேசைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்ற அவள் கணவர் சுருளிவேல், "வசந்தா, ஒரு டிக்கெட் கூடுது" என்றார்.

சுருளிவேல் முப்பத்தொரு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். எதைப் பார்த்தாலும் தலை எண்ணுவார். தட்டில் இட்லியை எண்ணுவார், கொடியில் காயும் துணியை எண்ணுவார், கல்யாண வீட்டில் பந்தியை எண்ணுவார், எண்ணிக்கை சரியாக இருந்தால் "போலாம் ரைட்" என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருவார். வேலையில் இருந்தபோதும் சரி, ஓய்வு பெற்ற பிறகும் சரி, அந்த வார்த்தை இல்லாமல் அந்த வீட்டில் ஒரு காரியமும் தொடங்கியதில்லை, ஒரே ஒரு நாளைத் தவிர. அந்த நாளின் கதை பின்னால் வரும்.

தட்டின் நடுவில் நான்கு குழிகளுக்கு மத்தியில் புதிதாக ஒரு குழி இருந்தது. மற்ற பன்னிரண்டும் கிரீம் வைக்காமல், சூடாக, வழக்கம்போல ஒன்றிரண்டு பக்கவாட்டில் வெடித்து உட்கார்ந்திருக்க, அது மட்டும் அவள் எந்தக் கடையிலும் வாங்காத ஊதா நிறக் காகிதக் கிண்ணத்தில், தொட்டால் ஜில்லென்று, கிரீம் ரோஜாவும் இலையும் வைத்து, நடுவில் 'சேகர் சித்தப்பா' என்று எழுதி முடித்தே வந்திருந்தது. வசந்தமணிக்கு முதலில் வந்தது ஆச்சரியம் இல்லை, பொறாமை. வீட்டிலிருந்தே ஆர்டருக்குக் கேக் சுடத் தொடங்கிய ஒன்றரை வருடமாகக் கிரீம் பையின் நுனியை விதவிதமாகக் கிள்ளிப் பார்த்தும் அவள் ரோஜா முட்டைக்கோஸாகவே வந்துகொண்டிருந்தது. இந்த ரோஜாவுக்கோ இதழ் மடிந்த இடத்தில் நிழல்கூட விழுந்திருந்தது.

"ஓவனுக்கு உள்ளேயே யாரோ இருந்து பூப் போட்டிருக்காங்க. என்னைவிட நல்லாப் போடுறாங்க" என்றாள், கோபமாக.

அந்தக் கேக்கை எடுத்ததும் குழி மூடிக்கொண்டது. தட்டைக் கவிழ்த்து விம் போட்டுத் தேய்த்தாள், பன்னிரண்டுதான். ஆர்டர் கொடுத்த புஷ்பலீலா டீச்சர் வந்து பெயரைப் படித்ததும் முகம் வெளுத்துப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். சேகர் சித்தப்பா என்பவர் டீச்சர் வீட்டு விசேஷங்களில் மைக் பிடித்தால் விடாதவர், போன முறை வளைகாப்பில் இரண்டு மணி நேரம் சோகப் பாட்டாகப் பாடியவர், அதனால் இந்தப் பிறந்தநாளுக்கு அவரை அழைக்க வேண்டாம் என்று வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு முடிவு செய்திருந்தார்கள். டீச்சர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர்க்கடைசிக்குப் போனார். சித்தப்பா குளித்து, விபூதி பூசி, சட்டை மாட்டி, செருப்பு மட்டும் போடாமல் கதவைத் திறந்தாராம். விழாவில் இரண்டே பாட்டுத்தான் பாடினார், இரண்டும் நல்ல பாட்டு.

அதன்பிறகு வசந்தமணி யார் வீட்டு விசேஷத்துக்குச் சுட்டாலும், அந்த வீட்டுக்காரர்கள் அழைக்காமல் விட்டவர்களில் ஒருவர் பெயரோடு பதிமூன்றாவது கேக் வந்தது. அதைப் பெயருக்கு உரியவர் தவிர வேறு யாரும் தின்ன முடியாது என்பதை ஊர் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டது. கத்தி வைத்தால் வழுக்கியது, சாரை சாரையாக வந்த எறும்பு அதன் பக்கத்தில் வந்ததும் வளைந்து சுற்றிப் போனது, ஒரு நிச்சயதார்த்த வீட்டில் ஆசைப்பட்டுக் கடித்த பெரியவரின் பல்செட் அதிலேயே நின்றுவிட, பெயருக்கு உரிய பெண்மணி வந்து சாப்பிடும்வரை மனிதர் பாயசத்தை மட்டும் குடித்துக்கொண்டிருந்தார். எத்தனை நாள் வைத்தாலும் அது கெடவும் இல்லை, காயவும் இல்லை.

ஒரு வருடத்துக்குள் ஊர் இதற்குத் தகுந்தாற்போல் நடந்துகொள்ளப் பழகிவிட்டது. பத்திரிகை அடிக்கப் போனால் பிரஸ்காரர் கோமதிநாயகம் அட்டையைக் காட்டும் முன்பே, "கேக் பார்த்தாச்சா?" என்று கேட்டார். மண்டபத்தில் எத்தனை நாற்காலி சொன்னாலும் ஒன்று கூட்டிப் போட்டார்கள், அதற்குக் கேக் நாற்காலி என்று பெயரும் வந்துவிட்டது. ஒரு முன்னாள் கவுன்சிலர், கேக்கையே ஏமாற்றிக் காட்டுகிறேன் என்று சவால் விட்டு வார்டில் இருந்த அத்தனை வீட்டுக்கும் பத்திரிகை வைக்க, மூன்று வருடத்துக்கு முன் இறந்துபோன அவருடைய பழைய டிரைவரின் பெயர் வந்தது. டிரைவர் வீட்டுக்குப் போய்ப் படத்தை வாங்கி வந்து, மாலை போட்டு, முன்வரிசையில் வைத்து, இலையும் போட்டார்கள். பந்தி முடிந்து பார்த்தால் படத்துக்கு முன்னால் வெறும் ஊதாக் காகிதம்தான் கிடந்தது. மணியகாரராக இருந்து ஓய்வு பெற்ற பொன்னுச்சாமியின் மணிவிழாவுக்கு 'சரோஜா' என்று வந்தபோது மட்டும் கொஞ்சம் கலவரமாகிவிட்டது. அது பக்கத்து ஊரான தேவாரத்தில் தான் விற்ற பசுமாடு என்று அவர் கோவிலில் சத்தியம் செய்தார். மனைவி கார் பிடித்துத் தேவாரம் போய்ப் பார்த்தார்; மாடு இருந்தது, பெயரும் சரோஜாதான், கேக்கைக் காகிதத்தோடு ஒரே வாயில் வாங்கிக்கொண்டது. இருந்தாலும் மாட்டுக்கு அந்தப் பெயரை ஏன் வைத்தார் என்ற கேள்வி அந்த வீட்டில் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஊருக்கு இதில் பெரிய வசதி என்னவென்றால், யாரும் யாருக்கும் இறங்கிப் போக வேண்டியதில்லை. "நானா கூப்பிடலைப்பா, கேக்குல வந்துருச்சு" என்று இவர்கள் சொன்னார்கள், "உனக்காக வரலை, கேக்குக்காக வந்தேன்" என்று அவர்கள் சொன்னார்கள், இரண்டு பக்கமும் மீசையில் மண் ஒட்டவில்லை. பத்து வருடம், இருபது வருடம் பேசாதவர்களெல்லாம் பெட்டியும் கையுமாகப் போய்ப் படியேறினார்கள். வசந்தமணி அத்தனை பெட்டிக்கும் ரிப்பன் கட்டிக் கொடுத்தாள். தன் வீட்டு விசேஷத்துக்கு மட்டும் ஒரு கேக்கும் சுடவில்லை, கணவரின் மணிவிழாவுக்குக்கூடக் கடையில்தான் வாங்கினாள். எந்தப் பெயர் வரும் என்று அவளுக்குத் தெரியும்.

அவள் அண்ணன் ராசாங்கத்துக்குப் பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் ஏலக்காய்க் கடை. அந்தக் குடும்பத்தில் ஒரு விசேஷம் என்றால் முதல் பத்திரிகை தாய்மாமனுக்கு, அதுவும் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு தேங்காய் பழத்தோடு நேரில் போய் வைக்க வேண்டும். ஏழு வருடத்துக்கு முன் வசந்தமணி வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது, வெள்ளிக்கிழமை போய் வைப்பதாக இருந்தார்கள். புதன்கிழமை சுருளிவேல் புது ஸ்மார்ட்போன் வாங்கினார். வாங்கிய உற்சாகத்தில் பத்திரிகையைப் படம் பிடித்து, போனில் இருந்த நூற்றிருபது பேருக்கும் ஒரே தட்டில் வாட்ஸ்அப்பில் அனுப்பி, எண்ணிப் பார்த்து, "போலாம் ரைட்" என்றும் சொல்லிவிட்டார். திங்கட்கிழமையே சட்டையை இஸ்திரி போட்டு வைத்துக்கொண்டு தங்கைக்காகக் காத்திருந்த ராசாங்கம் அதைத் திறந்து பார்த்தார்.

"நூத்தி இருபது பேர்ல நானும் ஒருத்தனா?" என்று அவர் கேட்டது வசந்தமணிக்கு வந்து சேர்ந்தது. உடனே ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அவளோ, "தங்கச்சி வீட்டுக்கு வர அண்ணனுக்குப் பத்திரிகை வேணுமாக்கும்" என்று சொல்லி அனுப்பினாள். பால் காய்ச்சிய அன்று வாசலில் நின்று வந்தவர்களை எண்ணிய சுருளிவேல், "ஒரு டிக்கெட் குறையுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அவர் ரைட் சொல்லாத ஒரே விசேஷம் அதுதான். அன்றிலிருந்து வசந்தமணி, ஏலக்காய்க்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு, பஸ் ஏறித் தேனிக்குப் போய் ஏலக்காய் வாங்கினாள்.

போன தை மாதம் ஓர் ஆட்டோக்காரர் வந்து, ஒரு வீட்டில் பேத்திக்குக் காதுகுத்து, பன்னிரண்டு வேண்டும் என்றார். யார் வீடு என்று கேட்டதற்குப் பெயர் சொல்லக் கூடாதென்று உத்தரவாம். சுட்டு எடுத்தபோது நடுவில் 'குருவி' என்று வந்திருந்தது. பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி, மாட்டுக்கு வந்தது போலக் குருவிக்கும் வந்துவிட்டதாக நினைத்து மாடியில் அரிசி போட ஓடினாள். வசந்தமணி அப்படியே நின்றாள். உலகத்தில் அவளைக் குருவி என்று கூப்பிட்டது ஒரே ஒரு ஆள்தான். சுருளிவேல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "பதிமூணு" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார்.

அவள் தன் பெயர் போட்ட கேக்கைத் தன் கையாலேயே பெட்டியில் வைத்து ரிப்பன் கட்டி அனுப்பினாள். ஊர் வழக்கப்படி அன்று சாயங்காலத்துக்குள் அது அவள் வாசலுக்கு வர வேண்டும். தலைவாரி, பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தெருவில் ஆட்டோ சத்தம் கேட்டபோதெல்லாம் எழுந்தாள். காதுகுத்து முடிந்தது, தை முடிந்தது, மாசி முடிந்தது. கேக் வரவில்லை. ஊரெல்லாம் கேக்குக்குக் கட்டுப்பட, அண்ணன் ஒருத்தர் மட்டும் கட்டுப்படவில்லை என்பது அவளை உள்ளுக்குள் அறுத்தது. 'என் பேரை வாங்கி வச்சுக்கிட்டும் வரலையே' என்று மாவு கலக்கும்போதெல்லாம் நினைத்தாள். அந்த மாதங்களில் அவள் சுட்ட கேக்கெல்லாம் லேசாக உப்புக் கரித்ததாகச் சொன்னவர்கள் உண்டு.

ஆவணியில் மகள் யோகேஸ்வரிக்கு உத்தமபாளையத்து மாப்பிள்ளையோடு நிச்சயம் பேசினார்கள். மாப்பிள்ளை வீட்டார் காபியைக் குடித்துவிட்டு, தட்டு மாற்றும்போது உட்காரப்போகும் தாய்மாமன் யார் என்று சாதாரணமாகக் கேட்டார்கள். பங்காளி ஒருவரை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று சுருளிவேல் இழுக்க, யோகேஸ்வரி உள்ளேயிருந்தே, "மாமா உக்காரலைன்னா நானும் உக்காரலைப்பா" என்றாள். மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி காபி டம்ளரைக் கீழே வைத்தார்கள்.

வசந்தமணிக்கு அழைக்க ஆசைதான், ஆனால் கால் நகரவில்லை. இனி ஒரே வழி கேக். தன் வீட்டுக்குச் சுட்டால் அண்ணன் பெயர் வரும், வந்தால் பெட்டியோடு போய் நிற்கலாம், 'நானா வரலை, கேக்குல வந்துச்சு' என்று சொல்லலாம். விஷயம் தெரிந்து தெருவே கூடிவிட்டது. கோமதிநாயகம் பிரஸ்ஸைப் பூட்டிவிட்டு வந்தார். பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் ராசாங்கம் முடி வெட்டி, சாயம் அடித்து, கடை வாசலில் நாற்காலி போட்டு, "கொண்டு வரட்டும், வாங்கவே மாட்டேன்" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்ததாகத் தகவல் வந்தது.

ஓவன் மணி அடித்தது. வசந்தமணி துணியைப் பிடித்துத் தட்டை இழுத்தாள். சுருளிவேல் எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"பன்னெண்டு" என்றார்.

"நல்லா எண்ணுங்க."

"முப்பத்தோரு வருசம் எண்ணிருக்கேன் வசந்தா. பன்னெண்டுதான்."

இன்னொரு தட்டுச் சுட்டாள், பன்னிரண்டு. மூன்றாவது தட்டு, பன்னிரண்டு. முப்பத்தாறு கேக்கும் மேசையில் ஆவி பறக்க, ஒன்றில்கூட ஒரு எழுத்து இல்லை. கூட்டம் கலைந்தது. கேக்குக்கே அண்ணன் வேண்டாதவராகிவிட்டார் போலும் என்று வசந்தமணி நினைத்தாள். மாவுக் கையோடு தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

போடியில் ஒரு செய்தி ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போகப் பத்து நிமிடம் ஆகும். பதினைந்தாவது நிமிடத்தில் ராசாங்கம் இஸ்திரிச் சட்டையும் சாயத் தலையுமாக, கையில் ஒரு மஞ்சள் பையோடு, ஏழு வருடமாக மிதிக்காத வாசலில் வந்து நின்றார். நிலையைத் தாண்டவில்லை. ஒரு கால் படியில், ஒரு கால் தெருவில்.

"ஊருல மாட்டுக்குப் பேரு வருது, செத்தவனுக்குப் பேரு வருது. என் பேரு மட்டும் வரலையா? விட்டுப்போனவன்னு நினைக்கக்கூட உனக்கு நான் ஆகாமப் போயிட்டேனா?"

அவர் குரல் உடைந்ததைக் கேட்டதும் வசந்தமணிக்கும் ஆத்திரம் பொங்கியது. எழுந்து உள்ளே போனாள். பீரோவைத் திறக்கும் சத்தம் கேட்டது. பட்டுச் சேலைகளுக்கு அடியிலிருந்து மூன்று பத்திரிகைகளை எடுத்து வந்து அவர் முன்னால் நீட்டினாள். ஒன்று பால் காய்ச்சியபோது அடித்தது, ஒன்று சுருளிவேல் மணிவிழாவுக்கு, இன்னொன்று நிச்சயத்துக்காகக் கோமதிநாயகம் கொடுத்த மாதிரிப் பத்திரிகை. மூன்றிலும் நான்கு மூலையிலும் மஞ்சள், மூன்றிலும் அவள் கையெழுத்தில் 'அண்ணன் ராசாங்கம் குடும்பத்தார்'.

"முத பத்திரிகை எப்பவும் உனக்குத்தாண்ணே எழுதினேன். நீ விட்டுப்போயிருந்தாத்தான கேக்குல வரும்?"

ராசாங்கம் மூன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழையதில் மஞ்சள் வெளுத்திருந்தது. ஆனால் அதற்காகச் சண்டையை விடுகிற ஆள் இல்லை அவர்.

"பத்திரிகையை எழுதிப் பீரோவுக்குள்ள வச்சா, அது அழைச்சதா?"

"கேக்கை வாங்கிப் பிரிட்ஜுக்குள்ள வச்சா, அது குடுத்ததா?"

ராசாங்கம் மஞ்சள் பையைப் பின்னால் மறைக்கப் பார்த்தார். முடியவில்லை. உள்ளேயிருந்து அவள் கட்டிய ரிப்பன் எட்டிப் பார்த்தது.

"நாலு தடவை தெருமுனை வரைக்கும் கொண்டு வந்தேன்" என்றார், தலையைக் குனிந்துகொண்டு. "தண்ணி லாரி நிக்கும், பொம்பளைக கூட்டமா இருக்கும், திரும்பிருவேன்."

"தண்ணி லாரி வாரத்துக்கு ஒரு நாள்தான் வருது."

"அந்த நாளாப் பார்த்துத்தான் வந்தேன்."

சுருளிவேல் பின்னாலிருந்து, முப்பத்தொரு வருடப் பழக்கத்தில், "படியில நிக்காதீங்க மச்சான், உள்ள ஏறி வாங்க, உள்ள எடம் இருக்கு" என்றார். ராசாங்கம் ஏறிவிட்டார்.

ஏழு மாதக் கேக்கை வசந்தமணி பெட்டியிலிருந்து எடுத்தாள். ரோஜாவில் ஒரு இதழ் கலையவில்லை, அன்றைக்குப் போலவே ஜில்லென்று இருந்தது. கடித்தபோது பல்லுக்கு மெத்தென்று இறங்கியது. அழுதுகொண்டே தின்றாள், தின்றுகொண்டே, "இந்த கிரீமுல வெண்ணெய் கொஞ்சம் தூக்கல்" என்று குறையும் சொன்னாள். ராசாங்கம் பெயர் போடாத முப்பத்தாறில் ஒன்றை எடுத்துக் கடித்து, கண்ணை மூடி மென்றார்.

"ஏலக்காய் எங்க வாங்குன?"

"தேனியில."

"அவன் என்கிட்டதான் எடுக்குறான். இது என் கடைச் சரக்கு." இன்னொன்றையும் எடுத்துக்கொண்டார். "ஏழு வருசமா பஸ்சுக்குக் காசு குடுத்து என் ஏலக்காயத்தான் வாங்கிட்டிருக்க, குருவி."

கிளம்பும்போது வாசலில் நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "இப்ப வந்தது கணக்குல சேராது. நாளைக்குக் காலைல ரெண்டு பேரும் தாம்பாளத்தோட முறையா வாங்க. நான் வீட்டுலதான் இருப்பேன். வரலைன்னா நானும் வரமாட்டேன்."

மறுநாள் காலை போனார்கள். ராசாங்கம் வேறொரு இஸ்திரிச் சட்டையில், கையில் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், அவர்களைப் பார்த்ததும் ஒன்றும் அறியாதவராக எழுந்து, "வாங்க வாங்க, என்ன திடீர்னு இந்தப் பக்கம்? ஏதும் விசேஷமா?" என்றார். வசந்தமணியும் முகத்தைச் சரியாக வைத்துக்கொண்டு, "ஆமாண்ணே, நம்ம யோகாவுக்கு நிச்சயம் வச்சிருக்கோம், நீதான் முன்னாடி நின்னு நடத்தித் தரணும்" என்று தாம்பாளத்தை நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

நிச்சயத்தன்று ஜமுக்காளத்தில் மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கமும், ராசாங்கத்தை நடுவில் வைத்து இவர்கள் ஒரு பக்கமும் உட்கார்ந்தார்கள். மண்டபத்துக்காரர் பழக்கத்தில் போட்டிருந்த கேக் நாற்காலி காலியாகவே கிடந்தது. எல்லாரும் வந்தாயிற்றா, தட்டு மாற்றலாமா என்று ஐயர் கேட்டார். எல்லாரும் சுருளிவேலைப் பார்த்தார்கள். அவர் எழுந்து நின்று, ஜமுக்காளத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை விரலை நீட்டி ஒவ்வொரு தலையாக எண்ணினார். ராசாங்கத்தின் தலைக்கு மேல் விரல் கொஞ்சம் நின்றது. எண்ணி முடித்து, தொண்டையைச் செருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"போலாம் ரைட்."